நீங்கள் எழுதாத சாவு

என் பாசமுள்ள அண்ணைக்கு,

உங்கள் நாவல் படமாகிவிட்டது. போன மாதம் சாவகச்சேரியில் ஒரு மண்டபத்தில் காட்டினார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். திரையில் உங்கள் பெயர் வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அந்த இடத்தோடு எழும்பி வீட்டுக்கு வந்திருக்கலாம்.

படம் மோசமில்லை. காணாமல் போன எங்கள் தம்பியாக நடித்தவனுக்கு அவனுடைய சாயல்கூட இருந்தது. ஆனால் நாவலில் வருகிற அம்மா, எங்கள் அம்மாவைப் போலவே, வாய் ஓயாமல் ஏசுவாள். ஆட்டை ஏசுவாள், ஊர் அலுவல் பார்க்கிற விதானையாரை ஏசுவாள், பிள்ளையாரையும் விடமாட்டாள். சிரித்துக்கொண்டே வாசிக்கிறவர்கள் திடீரென்று ஓரிடத்தில் கண்ணைத் துடைப்பார்கள். படத்தில் வருகிறவள் தொடக்கத்திலிருந்தே அழுகிறாள். "உவள் ஏன் உப்பிடி மூக்கைச் சிந்துறாள்?" என்று அம்மாவே என் காதுக்குள் கேட்டார்.

அதைக்கூடப் பொறுக்கலாம். முடிவை அல்லவா மாற்றிவிட்டார்கள்! தம்பி என்ன ஆனான் என்று நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை. அம்மா அவனுக்கென்று தேத்தண்ணி ஊற்றி மூடிவைத்துவிட்டு வாசல் படலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். படத்தில் அவன் ஒரு பற்றைப் புதருக்குள் கிடந்து, தண்ணீர் கேட்டுக் கேட்டுச் சாகிறான். அதுவரை பிடித்திருந்த என் கையை அம்மா விட்டுவிட்டார்.

இத்தனை வருசமாக யார் எந்தப் படத்தைக் காட்டினாலும் அதற்குள் தம்பியைத் தேடிப் பழகிய கண் அது. அந்தக் கண்ணிடம் இது மட்டும் கதை என்று எப்படிச் சொல்ல?

அடுத்த கிழமை வேலை முடிந்து வந்தபோது வீடு முழுக்கக் கணவாய்க் கறி வாசம். தம்பி விரும்பிச் சாப்பிடுகிற எல்லாவற்றையும் வாழையிலையில் படைத்து, விளக்கும் கொளுத்தியிருந்தார் அம்மா. உங்கள் செத்தவீட்டுக்குப் பிறகு எட்டாம் நாள் உங்களுக்குப் படைத்த அதே எட்டுச் செலவு.

"என்னம்மா செய்து வைச்சிருக்கிறியள்?" என்று கத்திவிட்டேன்.

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குப் பிள்ளை. இல்லாட்டி அந்தப் பற்றையை எப்பிடிக் காட்டுவாங்கள்?"

இயக்குநருக்கு அழைப்பெடுத்தேன். பாவம், ஓடிவந்தார். "முடிவு இல்லாட்டிச் சனம் ஏற்காது அக்கா" என்று படலையடியில் நின்று சொன்னார். "நாங்கள் முடிவில்லாமல்தானே இருக்கிறம்" என்றேன். அவர் செருப்பைக் கழற்றினார். பிறகு உள்ளே வந்து அம்மாவின் கையைப் பிடித்து, "அது நான் கற்பனையாச் செய்தது அம்மா, எனக்கு ஒண்டும் தெரியாது" என்றார். "ஓம் ராசா, ஓம்" என்று அம்மா அவருடைய தலையைத் தடவினார். அவர் போனதும் என்னிடம், "நல்ல பெடியன். சொல்லப் பயப்பிடுது" என்றார்.

கடைசியில் உங்கள் புத்தகத்தை எடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முந்தி நீங்கள் வாசித்துக் காட்டும்போது "நான் உப்பிடிச் சொல்லேல்லை" என்று குறுக்கே விழுகிறவர், இந்த முறை வாயே திறக்கவில்லை. முடிந்ததும், "பெரியவனுக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குச் சொல்ல மனம் வராமல் மறைச்சுப்போட்டான்" என்றார்.

நான் இனி என்ன செய்ய அண்ணை? யாரைக் கூட்டிவந்து சொல்லவைக்க? நீங்கள் ஒருவர் சொன்னால் நம்பியிருப்பார். நீங்களும் இல்லை. ஆடு வாழைக்குள் புகுந்தாலும் இப்போது அம்மா ஏசுவதில்லை. அந்தப் படத்தில் வருகிறவளைப் போலச் சும்மா இருந்து அழுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. தம்பியைத் தொலைத்தோம், உங்களைக் கொடுத்தோம், இப்போது அம்மாவும் என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறார்.

தம்பியின் படத்துக்கு முன்னால் தினமும் ஒரு செம்பு தண்ணீர் வைக்கிறார். "தண்ணி கேட்டவன்" என்கிறார். அந்தச் செம்பை எடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் நாளையிலிருந்து, நீங்கள் எழுதியபடியே, படலையைப் பார்த்து ஒரு தேத்தண்ணி ஊற்றி மூடிவைப்பேன். குடிக்க ஆளில்லாமல் சீனியையும் தேயிலையையும் வீணாக்குகிறாய் என்று அம்மா வாய் திறந்து என்னை ஏசும்வரைக்கும் வைப்பேன். இது சத்தியம்.

உங்கடை தங்கச்சி,
கரவெட்டி வீட்டிலிருந்து