செவுள் தூக்கிப் பார்த்த விரல்

ஐஸ் பெட்டியை ஒருநாளும் நம்பாத என் அம்மாவுக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. கல்லறைக்கு வரும்போதெல்லாம் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வாயைத் திறக்காமல் திரும்பிவிடுவேன். பக்கத்தில் யார் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்களோ, யாருக்குத் தெரியும்? குளச்சலில் ஒரு பேச்சு வாயை விட்டுப் போனால் மீன் ஏலக்கூடத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? அப்படிப்பட்ட நான் இன்று நாலுபேர் படிக்கும்படி எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், பொறு.

முதலில் வேலைச் செய்தி. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகத்தான் இன்னும் இருக்கிறேன். நீ அதை "ரத்தம் டெஸ்ட் எடுக்கிற எடம்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாய். இப்போது நாங்கள் ஒரு புரதத்தின் பின்னால் நிற்கிறோம். நம் உடம்பின் செல்லுக்குள் ஆர்.என்.ஏ என்று ஒன்று உண்டு. என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தனுப்பும் துண்டுச் சீட்டு என்று வைத்துக்கொள். அந்தச் சீட்டை வெட்டித் திருத்துவதற்கும், வேலை முடிந்ததும் கிழித்துப் போடுவதற்கும் சில புரதங்கள் இருக்கின்றன. அப்படிக் கிழிக்கிற ஒன்றை வெளியிலிருந்து வரவழைக்கிறோம். மனிதப் புரதம்தான், ஆனால் மனிதரிடமிருந்து எடுத்ததல்ல. மனித ஜீனைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைக்கொண்டே செய்ய வைக்கிறார்கள்.

நீ இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். "பூச்சி செய்த சாதனத்தை மனுசனுக்கதுன்னு சொல்லி விக்குதானுவளா? ஏட்டி, நல்லா பாத்து வாங்கு!"

பார்த்துத்தான் வாங்கினேன் அம்மா. பெட்டி நிறைய ஐஸ், நடுவில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு குழாய், அதற்குள் ஒரு சொட்டு. பெட்டி ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்தேன், பெயரை இரண்டு தடவை படித்தேன். கொண்டுவந்தவரிடம், "வழியில எங்கயாவது வெயில்ல வெச்சியளா?" என்று கேட்டேன். "எக்கா, ஒங்களுக்கு எப்பவும் இதே கேள்விதானா?" என்று அவர் அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டதுகூட எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு குழாயில் ஆர்.என்.ஏ இருக்கும். ஒன்றில் அந்தப் புரதத்தைச் சேர்த்தால் அது நொறுங்க வேண்டும். சேர்க்காத குழாயில் முழுசாக இருக்க வேண்டும். மூன்று முறை செய்தாயிற்று. மூன்று முறையும் இரண்டு குழாயிலுமே நொறுங்கிக் கிடந்தது. புரதமே போடாத குழாயில் யார் போய் ஆர்.என்.ஏ-வைக் கிழித்தது? விற்றவனைக் குறை சொல்ல வழியில்லை. அப்படியென்றால் தப்பு செய்த ஆள் ஆய்வுக்கூடத்துக்குள்ளேதான் இருக்கிறது என்று முடிவுகட்டினேன்.

சோதனையைச் செய்பவள் பென்சி. ஆராய்ச்சி மாணவி, கீரிப்பாறை எஸ்டேட் பஸ்ஸில் வருகிறவள். விடியற்காலையில் அவள் அம்மாவோடு ரப்பர் பால் வெட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். நகக்கண்ணில் பால் காய்ந்து கறுத்திருக்கும், பக்கத்தில் வந்தால் ரப்பர் ஷீட் வாடை அடிக்கும். அந்தக் கையைப் பார்த்ததும், இவள்தான் என்று நினைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் என்னை மீன் நாற்றம் என்று தள்ளி உட்கார வைத்தார்களே, நீ வந்து வாத்தியாரிடம் மல்லுக்கட்டினாயே, அது ஏன் அப்போது என் நினைவுக்கு வரவில்லை?

சந்தேகம் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவள் கை கழுவினாளா, கிளவுஸை மாற்றினாளா என்று பின்னாலேயே திரிந்தேன். ஒருநாள் கிளவுஸ் போட்ட கையால் காதைச் சொறிந்தாள். போதாதா? நேரே பேராசிரியரிடம் போனேன்.

"சார், அந்தப் பிள்ளைக்கு சுத்தம் போராது."

"நீங்க கண்ணால பாத்தியளா?"

"பாத்தேன் சார்."

நான் பார்த்தது காதைச் சொறிந்ததை மட்டும்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முறையாவது சரியாக வராவிட்டால் இந்த ஆராய்ச்சியை விட்டுவிட வேண்டியதுதான் என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே பென்சி என்னிடம் வந்தாள். "எக்கா, நான் எங்க தப்பு செய்யுதேன்னு நீங்க கூட நின்னு பாக்கியளா? எனக்குச் சொல்லித்தர வேற ஆளு இல்ல." கண் நிறைந்திருந்தது. எனக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. என்னை மடக்கப் பார்க்கிறாளோ என்று தோன்றியது. "ஆட்டும் மக்கா" என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் காலை முதல் ஆளாக வந்து, அலமாரியில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் என் போனை வீடியோவில் போட்டு மறைத்து வைத்தேன். கையும் களவுமாகப் பிடித்து சாரிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம்.

அந்த வீடியோவை இன்று மதியம், சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுப் பார்த்தேன்.

முதலில் வருவது நான்தான் அம்மா. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் செய்வதுபோல, உறைபெட்டியிலிருந்து ஆர்.என்.ஏ குழாய்களை எடுத்து ஐஸில் வைக்கிறேன். வலதுகைக் கிளவுஸைக் கழற்றுகிறேன். ஒவ்வொரு குழாயாக மூடியைத் திறந்து, மூடியின் உள்பக்கத்தை ஆள்காட்டி விரலால் தடவுகிறேன். உருகி மறுபடி உறைந்த சரக்கா என்று ஈரம் பார்க்கிறேன். பெருவிரலோடு தேய்த்து, மூக்கருகில் கொண்டுபோய் மோந்துகூடப் பார்க்கிறேன்! பிறகு மூடிவிட்டுக் கிளவுஸை மாட்டிக்கொள்கிறேன். அதன் பிறகுதான் பென்சி வருகிறாள். முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவுகிறாள், புதுக் கிளவுஸ் போடுகிறாள், மேசையைத் துடைக்கிறாள். அவளிடம் ஒரு குறை இல்லை.

சத்தியமாக, நான் அப்படிச் செய்வது எனக்கே தெரியாது. 'கிளவுஸ் இல்லாமல் தொடாதீர்கள்' என்று கதவில் ஒட்டியிருப்பது என் கையெழுத்து. மனிதத் தோலிலும் வியர்வையிலும் ஆர்.என்.ஏ-வைக் கிழிக்கிற புரதம் தாராளமாக உண்டு என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவளும் நான்தான். ஐஸ் வைத்து எங்கிருந்தோ வரவழைத்த மனிதப் புரதம் செய்ய வேண்டிய வேலையை, என் விரல் முந்திக்கொண்டு செய்திருக்கிறது. மூடியில் ஒட்டியது குழாயைச் சுழற்றும்போது உள்ளே இறங்கியிருக்கிறது.

அந்த விரலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அது உன் விரல் அம்மா. ஏலக்கூடத்தில் குனிந்து அயிலை மீனின் செவுளைத் தூக்கி, தடவி, மோந்து பார்ப்பாயே, அதே விரல். "ஐஸுக்குள்ள கெடக்கத கண்ணால பாத்தா போராது மக்கா, தொட்டுப் பாரு" என்பாய். நான் அழுதேன். வீடியோவில் உன்னைப் பார்த்த சந்தோஷமா, பயமா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. திரேசம்மாளின் கதை. மீன் வெட்டுகிற கத்தியைக் காணோம் என்று, பக்கத்தில் இருந்து விற்ற அவளை நடுச்சந்தையில் வைத்துக் கள்ளி என்றாய். நாலாம் நாள் உன் மீன் பாத்திரத்துக்கு அடியில், சாக்கு மடிப்பில் கத்தி கிடந்தது. நானும் பார்த்தேன். "ஏட்டி, வாயத் தொறக்காத" என்றாய். நான் திறக்கவில்லை. உன் அடக்கத்தன்று அவள் கல்லறைத் தோட்டத்துக்குள் வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். ஏன் போய்ச் சொல்லவில்லை அம்மா? உனக்கு என்ன பயம்?

கேட்டுவிட்டு வெட்கப்பட்டேன். ஏனென்றால் மதியத்திலிருந்து அந்த வீடியோவை அழிக்கிற இடத்தில் இரண்டு தடவை விரலை வைத்துவிட்டேன். நாளை வெள்ளிக்கிழமை. நான் சும்மா இருந்தால் போதும், பென்சி போய்விடுவாள், ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் மனசு மாறிவிடும். விற்றவனையும் கொண்டுவந்தவனையும் அந்தப் பிள்ளையையும் நம்பாத நான், இப்போது என்னைத்தான் கொஞ்சமும் நம்பவில்லை.

அதனால்தான் இதைக் கல்லறையில் முணுமுணுக்காமல் எழுதுகிறேன். முடித்த உடனே வீடியோவோடு சேர்த்து ஆய்வுக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். பென்சி எஸ்டேட் பஸ்ஸில் உட்கார்ந்து படிப்பாள். நம் தெருக் குழுவிலும் போடுகிறேன். திரேசம்மாளுக்குக் கண் சரியில்லை, மகள் வாசித்துக் காட்டுவாள். உன் பெயரைக் கெடுக்கிறேன் என்று கோபப்படாதே.

நாளைக் காலை பென்சி குழாயைத் திறக்கும்போது நான் கைகட்டித் தள்ளி நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திரேசம்மாள் வீட்டுக்குப் போவேன். அந்தக் கத்தி இன்னும் நம் அடுக்களையில்தான் இருக்கிறது, அதையும் கொண்டுபோய் அவள் முன்னால் வைப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் விரலோடு பிறந்த மகள்,
ஸ்டெல்லா