வெளிக்குழாயைக் கட்டிவிட்டேன்

வேல்விழி,

குழம்பு அடுப்பில் இருக்கிறது, வந்ததும் சூடு பண்ணிக்கொள். நேற்று தண்ணீர் பரிசோதனை முடிவு வந்ததும், "ரிப்போர்ட்ட யாருகிட்டயும் சொல்லாத" என்று உன்னிடம் கத்தியது தப்பு. ஒரு வருடமாகப் பீங்கான் கம்பெனிதான் தண்ணீரைக் கெடுக்கிறது என்று திட்டியவன் நான். கடைசியில் நம் போர் தண்ணீரில் நைட்ரேட் ஏறியது நம் செப்டிக் டேங்க் கசிவால் என்றதும் மானம் போனதுபோல் இருந்தது.

அதைவிடக் கொடுமை, கைக்குழந்தைகளுக்கு ஆகாத அந்த நைட்ரேட் காய்ச்சினால் போகாது, வற்ற வற்றக் கூடும் என்றார்களே. பக்கத்து வீட்டு அமுதவள்ளியின் கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்க, நாம்தானே பாதியாய் வற்றக் காய்ச்சிக் கொடுத்தோம்.

காலையில் பழமலைநாதரைக் கும்பிட்டுவிட்டு நேரே போய் அவளிடம் சொன்னேன். பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஒரு குறையும் இல்லை. வந்ததும், "உக்காருங்கண்ணே, டீ குடிங்க, அப்புறம் திட்டறேன்" என்றாள். டீ முடிந்தும் திட்டவில்லை. சாமி அருள்தான்.

டேங்கை மாற்றிக் கட்டக் கொத்தனாரைப் பார்க்க நல்லூர் போகிறேன். தெருக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் வெளிக்குழாயை யாரும் திறக்காதபடி துணி சுற்றிக் கட்டிவிட்டேன். யாராவது கேட்டால் காரணத்தை அப்படியே சொல்.

ராஜாங்கம்

சொல்ல மறந்தேன்: நம் கேன் தண்ணீரை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். தாகமெடுத்தால் நாம் அவள் வீட்டுக்குப் போய்க் குடிக்க வேண்டுமாம். அமுதவள்ளி உன்னிடம் சொல்லச் சொன்னாள்.