ஆன்டெனாவை வளைத்தவள்

அன்புள்ள ஹஃபீஸா,

நாகமலை புதுக்கோட்டையில் நேற்று நம் கருவியைப் பற்றிப் பேசினேன். செல்போன் சிக்னல் எட்டாத தோட்டங்களில் வயர்லெஸ் மூலம் பம்புசெட்டைப் போடுமே, அதுதான். ஆன்டெனாவை இப்படி வளைக்க யாருக்குத் தோன்றியது என்று ஒரு மாணவர் கேட்டார். எனக்குத்தான் என்றேன்.

நீ பிரசவத்துக்குப் போயிருந்தபோது காப்புரிமைக்கு என் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். பதினெட்டு வருடப் பழக்கம், பொய் தடுமாறவில்லை.

கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் வந்தாள். உன் முகம்.

"அம்மா உங்கள ரொம்ப விசாரிச்சாங்க ஆன்ட்டி. எம்புட்டுப் பெரிய விஷயம் கண்டுபிடிச்சிருக்காங்க, போய்க் கேட்டுட்டு வான்னு அனுப்புனாங்க."

மகளிடம்கூட நீ சொல்லவில்லை. அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடு.

இப்படிக்கு,
உன்னோடு படித்தவள்