நீலக் கார் எஞ்சின் விஷயமாக

உவாஜிமா பக்கம், மேட்டு வீடு
அக்டோபர் மாதம், மழை விடாத புதன்கிழமை

என் செல்ல மகள் ஷிஹோவுக்கு அம்மா மசுயோ எழுதறது. அந்தக் குளிர் தேசத்துல நீ சுகமா இருப்பேங்கற நம்பிக்கையிலதான் பேனாவை எடுத்தேன். இங்கயும் எல்லாரும் சுகம்னு எழுதறதுதான் முறை, ஆனா இந்தத் தடவை அந்தப் பொய்யை எழுதக் கை வரலை. உங்கப்பாவுக்குக் கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. போன வாரம் மழையில ஒரு நாள் டயாலிசிஸுக்குப் போக முடியலை, மறுநாளே மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுச்சு. இந்தக் கவருக்குள்ள ஒரு தாள் இருக்கும், அதை முதல்ல ஈரம் படாத இடத்துல வெச்சுட்டு மேல படி. போன்ல சொல்லித் தொலைக்கறதுக்கென்னன்னு கேப்பே. சொன்னா நீ நடுவுல பேசுவே, நான் அழுவேன், விஷயம் பாதியில நிக்கும். கடிதம்னா நீ குறுக்க பேச முடியாது பாரு.

நம்ம கிழட்டு வெள்ளைக் கார் கோடையில ஏத்தத்துல வர்றப்போ எஞ்சின் ஜாம் ஆகி நின்னுபோச்சு. வேற கார் வாங்குங்கன்னு நீ சொல்லுவே, எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. இப்போ வர்ற சின்னக் காரெல்லாம் நம்ம காரைவிட நாலு விரல் அகலம்டி. நம்ம வீட்டுக்கு ஏறற வழியில, பக்கத்துக் கொமோரி வீட்டுக் கல் சுவர் வளைவுல நுழையாது. மெக்கானிக் நினோமியா ஒண்ணைக் கொண்டுவந்து ரெண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கி முயற்சி பண்ணிப் பார்த்தார், சுவர்ல ஒரு கோடு விழுந்ததுதான் மிச்சம், கொமோரி பெண்டாட்டி இன்னும் எனக்குக் காலை வணக்கம் சொல்றதில்லை. படியில இறங்க அப்பாவால முடியாது. அதனால இப்போ எப்படிப் போறார் தெரியுமா, ஆரஞ்சுக் கூடை இறக்குற ஒத்தைத் தண்டவாள வண்டியில. அதுல ஆளை ஏத்தக் கூடாதுன்னு போர்டே போட்டிருக்கு. கூடைகளுக்கு நடுவுல அப்பாவை உட்காரவெச்சு மேல போர்வையைப் போட்டு மூடிடுவோம், கொமோரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு விசையைத் தட்டுவார். மனுசனா பொறந்து மூட்டையா இறங்கறேன்னு அப்பா சிரிப்பார், எனக்குச் சிரிப்பு வராது. மழை பெஞ்சா வண்டி வழுக்கும், ஓட்ட மாட்டாங்க. அடுத்த மாசம் அறுவடை வந்துட்டா நாள் முழுக்கப் பழம் இறங்கும், அப்பாவுக்கு இடம் கிடையாது. டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார், ஒண்ணு வண்டிக்கு வழி பண்ணுங்க, இல்லேன்னா ஆஸ்பத்திரியிலேயே கொண்டுவந்து விட்டுடுங்கன்னு. அதுக்கு இந்த மனுசன் என்ன சொன்னார் தெரியுமா? "அந்தக் கட்டில்ல போய்க் கிடக்கறதுக்கு ரத்தம் சுத்தமாகாமலே போகட்டும். நான் நிறுத்திக்கறேன்." கோபமா சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மீன் முள்ளை எடுத்துக்கிட்டே சாதாரணமா சொன்னார். அவர் சாதாரணமா சொன்னா செஞ்சுடுவார், உனக்கே தெரியும்.

இனிமேதான் நீ கோபப்படப் போற விஷயம். அந்தப் பழைய காருக்குப் பழைய எஞ்சின் எங்கயும் கிடைக்கலை. நினோமியா தலையைச் சொறிஞ்சுக்கிட்டே ஒரு நாள் சொன்னார், பொருந்தற எஞ்சின் ஒண்ணு துறைமுகக் கொட்டகையிலேயே நிக்குதேன்னு. உன் நீலக் கார்டி, அதுவும் அந்த வளைவுல நுழையாத அகலம், எஞ்சினை மட்டும்தான் எடுக்க முடியும். நீ பெர்கனுக்குப் போன நாள்லேர்ந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அப்பா கீழ போய் அதை ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் உறுமவிட்டு, துடைச்சுட்டு வருவார். டயாலிசிஸ் ஆரம்பிச்ச பிறகும் விடலை. அவ வந்து இறங்கினதும் சாவியைப் போட்டா ஓடணும்பார். அதனால நினோமியா கேட்டதும் முடியவே முடியாதுன்னுட்டார், அது அவ வந்து ஓட்டறதுக்குன்னார். கழட்டச் சொன்னது நான்தான். அப்பா ஆஸ்பத்திரி நாற்காலியில ஊசியோட கிடந்த அன்னிக்கு நினோமியாகிட்ட போய், கழட்டுங்க, அவர்கிட்ட நான் பேசிக்கறேன்னேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கலை. அப்பா திரும்பி வந்து பார்த்தார், எஞ்சின் கயித்துல தொங்குது. அப்படியே மீன் பெட்டி மேல உட்கார்ந்தார். அப்புறம் நினோமியாகிட்ட, போன வாரம்தான் ஆயில் மாத்தினேன், அதைக் கொட்டிடாதேன்னார். அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடலை.

எஞ்சின் பொருந்திடுச்சு, ஓடவும் ஓடுது. ஆனா காருக்குள்ள வேற எஞ்சினை வெச்சா மட்சுயாமா சோதனை ஆபீஸ்ல காட்டி, காரோட பத்திரத்துல ஏத்தினாத்தான் ரோட்டுல விடலாம். புகைக்கு ஒரு சான்று, அச்சு தாங்குமான்னு ஒரு கணக்குன்னு நினோமியா ஒரு கட்டு காகிதம் தயார் பண்ணிட்டார், இனி குறை சொல்ல வழியே இல்லைன்னு தைரியமா இருந்தார். குறையை உங்கப்பா உண்டாக்கிட்டார். சோதனைக்கு முந்தின நாள் பூரா கொட்டகையில உட்கார்ந்து எஞ்சினைத் தேய்ச்சிருக்கார். அதிகாரி குனிஞ்சு பார்க்கற இடம், அதுவும் நம்ம பொண்ணோட எஞ்சின், எண்ணெய்ப் பிசுக்கோட காட்டினா நமக்குத்தான் அவமானமாம். துணியால தேய்ச்சார், பிரஷ்ஷால தேய்ச்சார், துரு இருந்த இடத்தை உப்புத்தாள் போட்டு வழவழன்னு ஆக்கி வெள்ளிப் பெயின்ட் வேற அடிச்சுட்டார். அந்தத் துரு இருந்த இடத்துலதான் எஞ்சினோட வகை எழுத்து குத்தியிருந்ததாம்.

நகராட்சியில தற்காலிக நம்பர் பலகை வாங்கி மாட்டிக்கிட்டு மூணு பேரும் போனோம். சோதனை பண்றவர் சின்னப் பையன், டார்ச்சும் குட்டிக் கண்ணாடியும் வெச்சுக்கிட்டு மேலேர்ந்து பார்த்தார், கீழ படுத்துப் பார்த்தார். எழுந்து வந்து தொப்பியைக் கழட்டிட்டு, "ஐயா, இவ்வளவு சுத்தமான எஞ்சினை நான் பார்த்ததே இல்லை. ஆனா இது எந்த எஞ்சின்னு சொல்ற எழுத்து இதுல இல்லையே"ன்னார். அந்தப் பையனைத் திட்டவும் முடியலைடி, அவ்வளவு மரியாதையா சொன்னார். அப்பா தலை குனிஞ்சவர் நிமிரவே இல்லை, நான்தான் தோளைத் தொட்டுக் கூட்டிட்டு வந்தேன். வர்ற வழியெல்லாம் தன் கையையே பார்த்துக்கிட்டு வந்தார். வீட்டுக்கு வந்த பிறகு நினோமியாகிட்ட ஒரே ஒரு தடவை, நான் சுத்தம்தானேய்யா பண்ணினேன்னார்.

புதுசா எழுத்துக் குத்தித் தருவாங்களாம். ஆனா இந்த எஞ்சின் எந்தக் கார்லேர்ந்து வந்துச்சு, அந்தக் காரோட சொந்தக்காரர் முழுச் சம்மதத்தோட கொடுத்தாராங்கறதுக்கு அத்தாட்சி வேணுமாம். எழுத்து இருந்திருந்தா ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. கார் உன் பேர்ல இருக்கு. கையெழுத்துக்குப் பதிலா நாம குத்தற உன் பேர் முத்திரை இங்க என் தையல் பெட்டியிலதான் கிடக்கு, எடுத்து ஒரு குத்து குத்தினா நாளைக்கே வேலை முடிஞ்சுடும். நினோமியாகூட ஜன்னலுக்கு வெளிய பார்த்துக்கிட்டே, வீட்டுல முத்திரை இருக்குமில்லன்னு கேட்டார். நானும் மையை எடுத்து வெச்சுட்டேன், ஒளிக்க என்ன இருக்கு. அப்பா என் கையைப் பிடிச்சு, "கேட்காம எஞ்சினை எடுத்தாச்சு. கேட்காம அவ வார்த்தையையும் எடுக்காதே"ன்னார். வீங்கின கையால பிடிச்சாருடி, பிடிச்ச தடம் அவர் விரல்லேயே பள்ளமா நின்னுச்சு. அதனாலதான் இந்தச் சம்மதத் தாள் கடல் தாண்டி வருது, மேல நான் என்ன சொல்ல, சீக்கிரம் கையெழுத்துப் போடு, உன் காலைப் பிடிக்கறேன்னு அம்மா எழுதக் கூடாது, ஆனா எழுதிட்டேன்.

தாள்ல கடைசிக்கு முந்தின வரியை நான் ரெண்டு தடவை படிச்சேன். இந்தக் காரை இனி ஓட்டும் எண்ணம் உரிமையாளருக்கு இல்லைன்னு அச்சடிச்சிருக்கு. அதை அப்பா கண்ணுல நான் காட்டலை, மடிச்சு உள்ள வெச்சுட்டேன். போன ஞாயித்துக்கிழமையும் கொமோரி கையைப் பிடிச்சுக்கிட்டு மூட்டையா கீழ இறங்கிப் போனார். எதுக்குன்னு கேட்டா காரைத் துடைக்கணுமாம். எஞ்சின் இல்லாத காரை.

நீ கையெழுத்துப் போடு கண்ணு. அந்த வரியைப் பார்த்து நீயும் அழாதே. கார் ஓடாதுன்னுதான் அதுல எழுதியிருக்கு, நீ வரமாட்டேன்னு எழுதலை. அப்பாகிட்ட அப்படித்தான் சொல்லப்போறேன், பொய்யா போகாம பார்த்துக்கோ.

சால்மன் பண்ணையில படகு ஏறும்போது ஈர சாக்ஸோட நிக்காதே, ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்னுட்டுப் படுக்காதே. கடல் உன்னைக் காப்பாத்தட்டும், நூறு வயசு நல்லா இரு. கையெழுத்து கட்டத்துக்கு வெளிய போகாம பார்த்துக்கோ, போனா திரும்ப அனுப்பிடுவாங்க, இன்னொரு தடவை தாள் போய் வர்ற வரைக்கும் அப்பா இருக்கணும்.

வாசல் பக்கமே காதை வெச்சுக்கிட்டிருக்கற
உன் அம்மா
மசுயோ