ஈயக்குட்டை மணல்

26 மே, செவ்வாய்

காலையிலேயே கொதிக்கிற வெயில். குழாயில் வெறும் காற்று. தண்ணீர் லோரி வரும் என்றார்கள், வரவில்லை. வாசலில் காலி வாளிகள். பள்ளி விடுமுறை வேறு.

ப.பெர்ஜுந்தாய் டவுனுக்குப் போனால் வாங்க வேண்டியவை: மூடி வாளி, சவர்க்காரம், மகள் கவிக்குச் செருப்பு.

அழுக்குத் துணியை உதறும்போது கவியின் கால்சட்டையிலிருந்து வெள்ளை மணல். ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய ஈயக்குட்டையைத் தவிர அந்த மணல் இங்கே எங்கே இருக்கிறது? இவரைக் கேட்டேன்.

“திடல்ல வெளாடிருப்பா லா. ஒனக்கு எதுக்கெடுத்தாலும் குட்டைதான்.”

இருக்கலாம். என் தம்பி குமரன் அதில் மூழ்கிப் போனதிலிருந்து எனக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். மகளை அந்தப் பக்கமே கூட்டிப்போக மாட்டேன் என்று முனியாண்டி கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர். நம்பினேன்.

28 மே, வியாழன்

வேலை முடிந்து பஸ்ஸில் ஒரே தூக்கம். தண்ணீர் இன்னும் இல்லை.

சீனி கேட்க நாத்தனார் வசந்தி வீட்டுக்குப் போனேன். அவள் கொடியில் கவியின் நீலச் சட்டை, சொட்டச் சொட்ட. கீழே கயிறு கட்டிய காலி எண்ணெய் போத்தல்கள்.

“அண்ணன்தான் சொல்ல வேணாம்னுச்சு அண்ணி. வீட்ல தண்ணி இல்ல, புள்ள குளிக்கணும்ல. போத்தல இடுப்புல கட்டித்தான் குட்டையில எறக்குது. ஒண்ணும் ஆவாது.”

“எப்பலேருந்து?”

“லீவு விட்டதுலேருந்து.”

எங்கள் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியுமாம். பெற்றவளுக்கு மட்டும் தெரியாது. சீனி வாங்காமலே வந்துவிட்டேன்.

29 மே, வெள்ளி

தலைவலி. சண்டை. சோறு யாரும் தொடவில்லை.

“நீச்சல் தெரியாமத்தான் ஒந் தம்பி போனான். இவளாச்சும் கத்துக்கட்டும்னு நெனச்சேன். தப்பா?”

தப்புதான் என்றேன். கரையோரம் முழங்கால் ஆழம், அடுத்த எட்டில் தரையே கிடையாது. காலடி மணலும் சரியும். போத்தல் மூடி கழன்றால்? கயிறு அவிழ்ந்தால்? சத்தியம் செய்த கையை நீட்டச் சொன்னேன். நீட்டவில்லை. டிவியைப் போட்டார்.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, இதுதான்.

30 மே, சனி

தண்ணீர் வந்துவிட்டது, கலங்கலாக. தெளியவிட்டு, கவிக்குத் தலைக்கு ஊற்றினேன். திட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டேன்.

“குட்டையில அப்பா ஒன்னப் புடிச்சுக்குவாராம்மா?”

“அப்பா எறங்க மாட்டாரு. கரையில நின்னுதான் சொல்லிக் குடுப்பாரு.”

“ஏன்?”

“அப்பாவுக்குத்தான் நீச்சல் தெரியாதே. சின்னதுலேருந்தே தண்ணின்னா பயமாம். அதையும் ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு.”

மீதித் தண்ணீரை எப்படி ஊற்றினேன் என்று தெரியவில்லை.

குமரன் போன அன்று கூட இருந்தது இவர் மட்டும்தான். “திரும்பத் திரும்ப முங்கித் தேடினேன், கைக்கு அகப்படவில்லை” என்று எங்கள் அம்மா காலடியில் உட்கார்ந்து அழுதார். என் தம்பிக்காகத் தண்ணீரில் குதித்தவர் என்றுதான் இவரைக் கட்டிக்கொண்டேன்.