நல்லா இருக்கறனுங்க

செவ்வாய்க்கிழமை, இரவு

போர்வெல் போடும் ரிக் வண்டியிலிருந்து விழுந்து என் வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டு உடைந்த பிறகு, நஷ்டஈட்டு கேஸுக்காக இன்றுதான் முதல்முறையாக வக்கீலிடம் போனோம். டவுனில், ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் மாடி அலுவலகம். சக்கர நாற்காலியோடு தூக்கித்தான் ஏற்றினார்கள்.

வக்கீலம்மா முதலில், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கறனுங்க," என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாத மனுசன்! யார் கேட்டாலும் இதே பதில்தான்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "கோர்ட்டுலயும் இப்படிச் சொன்னீங்கன்னா, எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடிச்சுக்குவாரு. முடியாததை முடியலைன்னு சொல்லிப் பழகுங்க. கேஸை நான் பார்த்துக்கறேன்," என்றார்.

ஊர் திரும்பி இறங்கும்போது பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். "ஏனுங்க மாப்ள, எப்படி இருக்கறீங்க?"

வாயைத் திறந்தவர், என்னை ஒரு பார்வை பார்த்தார். "முடியலீங்க மச்சான். பொரண்டு படுக்கக்கூட இவதான் தூக்கோணும். இவளும் தூங்கியே பல நாளாச்சுங்க."

அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே, "இதை முன்னமே சொல்றதில்லீங்களா? ராத்திரிக்கு நான் வாரேன்," என்றார்.

சொன்னபடி வந்து, திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இவர் தூங்குகிறார். விழுந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் இவர் நல்லா இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.