அண்ணையின் போட்டை நகர்த்தினோம்

என் அன்பு அண்ணை,

உங்கள் போட்டை நேற்று இடம் மாற்றினோம். கால்வாயில் ஒரே இடத்தில் கனநாள் கட்டி வைக்கக் கூடாதாம். நீங்கள் கண் மூடியதில் இருந்து அது அசையவே இல்லை. உங்கள் மகள் நிலாதான் லண்டன் எட்மண்டனில் என் வீட்டுக்கு வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். விற்றுவிடலாம் என்பது அவள் எண்ணம். வாங்க ஒரு ஆளையும் பார்த்து வைத்திருந்தாள்.

நீங்கள் இருந்தபோதே இந்தப் போட் விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. மன்னாரில் இருந்து இந்தியாவுக்கு ஓடிய அந்த வள்ளத்தில் இரவு முழுக்க நான் உங்கள் பக்கத்தில்தானே இருந்தேன்? கரையில் கால் வைத்ததும், "இனிச் செத்தாலும் வள்ளத்தில ஏறமாட்டன்" என்றீர்கள். லண்டனுக்கு வந்த பிறகும் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் காரை விட்டு இறங்கமாட்டீர்கள். அப்படிப்பட்டவர், அண்ணி இறந்த பிறகு வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு ஒரு போட்டை வாங்கி அதில் குடியிருந்தால் நான் என்னவென்று நினைப்பது? பார்க்க வரட்டுமா என்று கேட்டால், "பிறகு பாப்பம்" என்பீர்கள்.

பக்கத்துப் போட்டில் இருக்கும் ஜூன் என்ற வெள்ளைக்கார அம்மாதான் ஓட்டித் தந்தார். கொஞ்சத் தூரத்தில் லொக். இரண்டு அந்தத்திலும் பெரிய மரக்கதவு போட்ட ஆழமான தொட்டி அது. போட்டை உள்ளே விட்டுத் தண்ணீரை வடிய விட்டால் போட்டும் கூடவே இறங்கும். பிறகு மறுபக்கக் கதவைத் திறந்து கீழ்க் கால்வாய்க்குப் போகலாம்.

அங்கே வைத்துத்தான் ஜூன் சொன்னார். நீங்கள் ஒருநாளும் லொக்குக்குள் போட்டில் இருந்ததில்லையாம். அவரை ஓட்டச் சொல்லிவிட்டுக் கரையில் நின்று கதவைத் தள்ளுவீர்களாம். தண்ணீர் இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களாம்.

பயம் போகவே இல்லையா அண்ணை? பிறகு ஏன்?

நான் போட்டிலேயே இருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். தண்ணீர் வடிய வடியச் சுவர்கள் உயர்ந்தன. பாசி மணத்தது. கூரைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"மாமி, பயமா இருக்கோ?" மேலே இருந்து நிலா கத்தினாள்.

"ஓம்! கதவைத் திற பிள்ளை!"

"இப்ப ஏலாது மாமி. ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துக்கு வரோணும்!"

உங்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அதற்குள் ஏனோ சிரிப்பும் வந்தது. கதவு திறந்து வெளிச்சம் விழுந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன்.

கீழே போட்டைக் கட்டிவிட்டு உங்கள் அடுப்பில் தேநீர் போட்டோம். நிலா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா இஞ்ச வந்து என்னத்தைத் தேடினவர், மாமி?"

"தெரியாது பிள்ளை."

"வித்தா, பிறகு தெரியவே வராது, என்ன?"

வாங்க இருந்த ஆளுக்கு அவளே போன் எடுத்து, இப்போதைக்கு இல்லை என்று சொன்னாள். செய்தது சரியோ பிழையோ, இரண்டு பேருக்குமே விளங்கவில்லை.

அடுத்த முறை நகர்த்தும்போதும் நான் வருவேன். லொக்குக்குள் இறங்கும்போது போட்டில்தான் இருப்பேன். கரையில் நின்று நீங்கள் எதைப் பார்க்காமல் இருந்தீர்களோ, அதை நான் பார்த்துச் சொல்கிறேன்.

இன்னும் உங்களை விளங்கிக்கொள்ளாத
உங்கள் தங்கச்சி,
ரஞ்சி